இல்லாத கெழவன் சொல்ற கதை

டக் கென்னினு ஒரு ஆளப் பத்தி எழுதப்போறேன், முழுப்பேரு டக்ளஸ் கென்னி, நம்ம நாட்டுல டக்ளஸ்னு சொன்னாலே எல்லாருக்கும் அரசியல்வாதி டக்ளஸ் தேவானந்தாதான் ஞாபகத்துக்கு வருவாரு, இது அவரு இல்ல, இது அமெரிக்காக்காரன், 1946ல பொறந்து 1980ல 33 வயசுல செத்துப்போன ஒரு கொமெடி எழுத்தாளன். இவன் வாழ்க்கைய வச்சு 2018 ஜனவரில நெட்ஃபிளிக்ஸ்ல ஒரு படம் வந்துச்சு, பேரு 'எ ஃபியூட்டைல் அன்ட் ஸ்டூப்பிட் ஜெஸ்ச்சர்', டைரக்டர் டேவிட் வெய்ன், கென்னியா நடிச்சது வில் ஃபோர்ட்டே, ஜோஷ் கார்ப் 2006ல எழுதுன புத்தகத்த வச்சு எடுத்தது. பேரப் பாத்துட்டே நம்மாளுங்க பாதிப்பேரு தாண்டிப் போயிருப்பாங்க. ஹட்டன்லயோ பதுளைலயோ இருந்துகிட்டு இத ஏன் பாக்கணும்னு கேட்டா, பாக்கலன்னாலும் குடி ஒண்ணும் முழுகிப் போகாது. ஆனா ஊரையே சிரிக்க வச்ச ஒரு மனுசன் கதைய படமா எடுக்கிறப்ப எங்க சிக்கல் வரும்னு புரிஞ்சுக்க இது நல்ல படம். படத்தோட முக்கியமான சூட்சுமத்த உடைச்சுத்தான் எழுதணும், அதனால முழுசா தெரியாம பாக்கணும்னு நெனைக்கிறவங்க பாத்துட்டு வந்து படிங்க.

சூட்சுமம் இதுதான். படம் தொடங்குனதுல இருந்து ஒரு வயசான ஆள் நடுநடுவுல வந்து நின்னு கதை சொல்றாரு, நான்தான் டக் கென்னி, அப்ப இப்பிடி நடந்துச்சு, அப்பிடி நடந்துச்சுன்னு. நடிச்சது மார்ட்டின் மல். நாமளும் சரி, ஆளுக்கு வயசாயிருச்சு, பழைய கதைய சொல்லிக்கிட்டு இருக்காருன்னு நம்பிக்கிட்டே போறோம். கடைசில பாத்தா கென்னி 33லயே போயிட்டான், அப்பிடி ஒரு கெழவனே கிடையாது, உசுரோட இருந்திருந்தா இப்பிடி இருந்திருப்பானோன்னு படம் பண்ணிவிட்ட ஆள் அது. (மார்ட்டின் மல்லும் 2024ல செத்துட்டாரு, இப்ப திரும்பப் பாத்தா அந்த சீனெல்லாம் வேற மாதிரி இருக்கு.)

இன்னொரு வேலையும் பண்றாங்க. வாழ்க்கைக்கதை படம்னாலே கொஞ்சம் புளுகு இருக்கும், ரெண்டு வருசத்த ஒரு வருசமாக்குவாங்க, நாலு ஆள ஒரு ஆளாக்குவாங்க. இந்தப் படத்துல அந்தக் கெழவனே நடுவுல நிப்பாட்டி, நாங்க மாத்துனதெல்லாம் இதுதான்னு சொல்லி ஸ்கிரீன்ல ஒரு பெரிய லிஸ்ட்ட ஓடவிட்டுர்றாரு, வாசிச்சு முடிக்கவே ஏலாத வேகத்துல ஓடுது. 27 வயசுல நான் வில் ஃபோர்ட்டே மாதிரியா இருந்தேன், அந்தாளப் பாத்தா 27 வயசு மாதிரியா இருக்குங்கிற அர்த்தத்துல ஒரு நக்கலும் அடிக்கிறாரு, உண்மைதான், ஃபோர்ட்டே 1970ல பொறந்தவரு. எனக்கு அந்த இடத்துல நல்லா சிரிப்பு வந்துச்சு, அதோட ஒரு சந்தேகமும் வந்துச்சு. சின்னச் சின்னப் பொய்யெல்லாம் அவங்களே முந்திக்கிட்டு ஒத்துக்கிட்டா, பெரிய கேள்விய நாம கேக்க மாட்டோம்ல. கென்னியும் ஆயுசு முழுக்க அதத்தான் பண்ணியிருக்கான், யாராச்சும் உனக்கு என்னடா பிரச்சினைன்னு கேட்டா ஒரு ஜோக். அந்தப் பழக்கத்த வில் ஃபோர்ட்டே நடிப்ப விட படம் எடுத்த விதம்தான் நல்லா புடிச்சிருக்குன்னு நான் சொல்லுவேன், அதே பழக்கம்தான் படத்தோட குறையும்.

சரி ஆள் யாருன்னு பாப்போம். வளந்தது ஒஹையோ மாநிலத்துல சக்ரின் ஃபோல்ஸ்னு ஒரு ஊரு. அப்பா டென்னிஸ் கோச், பணக்காரங்க கிளப்புல அவங்களுக்கும் அவங்க புள்ளைங்களுக்கும் பந்து அடிக்கச் சொல்லிக்குடுக்கிற வேல. அதாவது கிளப்புக்குள்ள போகலாம் வரலாம், ஆனா மெம்பர் இல்ல. அண்ணன் ஒருத்தன் இருந்தான், வீட்டுக்கு அவன்தான் தங்கப்புள்ள, அவன் வருத்தம் வந்து செத்துப்போனான், அந்த எடத்த நிரப்ப முடியாதுங்கிற நெனப்பு கென்னிய கடைசி வரைக்கும் விடல. அப்புறம் ஹாவர்ட் யுனிவர்சிட்டி, அங்க 'ஹாவர்ட் லம்பூன்'னு மாணவர்கள் நடத்துற நக்கல் பத்திரிகை, 1876ல தொடங்குனது. நுவரெலியா ஹில் கிளப்பும் அதே 1876தான், ராத்திரி சாப்பாட்டுக்கு இன்னைக்கும் டையும் கோட்டும் கேக்கிற எடம். கென்னி மாதிரி பின்வாசல்ல வளந்த பொடியனுக்கு ஹாவர்ட்டும் அப்பிடி ஒரு கிளப்தான், அவங்கள மாதிரியே உடுத்தி அவங்கள மாதிரியே பேசப் பழகிட்டான், பழகுன கையோட அவங்கள நக்கலடிக்கவும் தொடங்கிட்டான். அங்கதான் ஹென்றி பியர்ட சந்திக்கிறான், படத்துல டோம்னல் க்ளீசன், பைப்ப வாயில வச்சுக்கிட்டு முப்பது வயசுக்காரன் மாதிரி இருக்கிற மாணவன். ரெண்டு பேரும் சேந்து டோல்கீனோட 'லோர்ட் ஒஃப் த ரிங்ஸ'க் கிண்டலடிச்சு 1969ல ஒரு புத்தகம் போட்டாங்க, நல்லா வித்துச்சு. அடுத்து இன்னொரு கூட்டாளி றொபர்ட் ஹொஃப்மனையும் சேத்துக்கிட்டு, மெட்டி சிம்மன்ஸ்னு ஒரு பதிப்பாளரப் புடிச்சு, 1970 ஏப்ரல்ல 'நெஷனல் லம்பூன்' மொதல் இதழ்.

அந்த நேரத்து அமெரிக்காவ கொஞ்சம் நெனைச்சுப் பாக்கணும். வியட்நாம் யுத்தம், இளந்தாரிகளக் கட்டாயமா பட்டாளத்துக்கு எடுக்கிறாங்க, நிக்சன் ஜனாதிபதி, டிவில வர்ற கொமெடியெல்லாம் மாமியார் மருமகள், குடிகாரப் புருசன்னு அரைச்ச மாவு. வீட்டுல அப்பா நம்புறது எதையும் மகன் நம்பல. அந்த மகனுக்காக எழுதுன பத்திரிகை இது, ஜனாதிபதி, சாமியார், ஹிப்பி, யாரையும் விடல, அசிங்கமும் நெறைய. 1973 ஜனவரி இதழ் அட்டைய இன்னைக்கும் பேசுவாங்க, ஒரு நாயோட தலைக்குப் பக்கத்துல துப்பாக்கி, இந்தப் பத்திரிகைய வாங்கலன்னா இந்த நாயச் சுட்டுருவோம்னு எழுதியிருக்கும், நாய் கடைக்கண்ணால துப்பாக்கியப் பாக்கும். 1974ல ஒரு இதழ் 10 லட்சத்துக்கும் மேல போச்சு.

ஆனா கென்னியோட உண்மையான கெட்டித்தனம் அட்டைல இல்ல. 1974ல பி.ஜே. ஒரூர்க்கோட சேந்து ஒரு பள்ளிக்கூட ஆண்டு மலரையே கற்பனையா தயாரிச்சாங்க, டேக்ரன்னு இல்லாத ஒரு ஊரு, கெஃபோவர் ஹை ஸ்கூல்னு இல்லாத ஒரு பள்ளிக்கூடம், 1964ம் வருசத்து மலர். நம்ம பள்ளிக்கூடங்கள்லயும் மலர் போடுவாங்கல்ல, அதிபர் ஆசிச்செய்தி, எம்பி ஆசிச்செய்தி, வலயக்கல்விப் பணிப்பாளர் ஆசிச்செய்தி, அப்புறம் கை கட்டிக்கிட்டு நிக்கிற மாணவத்தலைவர் போட்டோ. அதே சாமான்தான், ஒவ்வொரு புள்ளைக்கும் ஒரு போட்டோ, கீழ எந்தெந்தக் கழகத்துல இருந்தான், என்னவா வரப்போறான்னு ரெண்டு வரி. மேலோட்டமா பாத்தா வெறும் கிண்டல். ஆனா ஒரு பக்கத்துல பாத்த பொண்ணு இன்னொரு பக்கத்துல ஒரு குரூப் போட்டோ மூலைல நிப்பா, அவ பேரு வேற ஒரு எடத்துல வேற ஒருத்தன் எழுதுன குறிப்புல வரும், இப்பிடி சேத்து சேத்துப் படிச்சா யாரு யாரோட பழக்கம், யாருக்கு வீட்டுல வசதி இல்லன்னு முழு ஊரும் தெரிஞ்சுரும். சோகமான விசயம் எதையும் நேரா சொல்ல மாட்டான், ஜோக்குக்கு அடியில போட்டு மூடிருவான். இந்த வேலைய படம் சும்மா ஒரு நிமிசத்துல தாண்டிப்போகுது, அது எனக்குப் பெரிய ஏமாற்றம். எழுதுறத சினிமால காட்டுறது கஷ்டம்தான், ஒத்துக்கிறேன், அதுக்காக ஒஃபிஸ்ல சாப்பாட்டத் தூக்கி எறிஞ்சு வெளையாடுறதையே அத்தனை தடவ காட்டணுமா.

இடையில ஆளு சொல்லாம கொள்ளாம காணாமப் போயிருவான். 1971ல அப்பிடி ஒரு தடவ ஒஃபிஸ அப்பிடியே போட்டுட்டு ஓடி, மார்த்தாஸ் வின்யார்ட்னு ஒரு தீவுல கூடாரம் அடிச்சு இருந்து, ஒரு நாவல் எழுதி எடுத்துக்கிட்டு வந்து பியர்ட்ட குடுத்தானாம், பியர்ட் நல்லா இல்லன்னதும் குப்பைக்கூடைல போட்டுட்டானாம். அத்தன நாளும் பத்திரிகைய இழுத்தது பியர்ட்தான், அவன் வாய் தொறந்து ஒண்ணும் கேக்கல. படத்துல இவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கிற அந்தப் பேசாத கோபம்தான் நல்லா வந்திருக்கிற பகுதி.

காசு விசயத்துக்கு வருவோம். அஞ்சு வருசம் கழிச்சு இவங்க பங்க கொம்பனி வாங்கிக்கணும்னு ஆரம்பத்துலயே அக்ரிமென்ட் போட்டிருந்தாங்க. 1975ல அந்த நேரம் வந்துச்சு, மூணு பேருக்கும் சேத்து 75 லட்சம் டொலர் அளவுல. அதே காலத்த நம்ம பக்கம் யோசிச்சுப் பாருங்க, 1973, 74ல தோட்டத்துல பஞ்சம், பாணுக்கும் மாவுக்கும் அலைஞ்சு பட்டினில ஆளுங்க செத்த காலம், 1975ல தோட்டத்தையெல்லாம் அரசாங்கம் எடுத்துச்சு, ஒரு பக்கம் நம்ம தோட்டத்துச் சனத்த இந்தியாவுக்குக் கப்பல் ஏத்துறாங்க. இத எழுதுறது கென்னியக் குத்தம் சொல்ல இல்ல, அவன் பேனாவால சம்பாதிச்சான். ஆனா கோடிக்காசு கையில வந்தும் அந்தாளுக்கு மனசு அடங்கலன்னு படம் சொல்றப்ப, நம்ம வீட்டுப் பெருசுங்களுக்கு வச்சுக்குடுத்துப் பாத்தா, சோறு இருக்கிறவனுக்கு என்னடா கவலைன்னுதான் கேப்பாங்க. அந்தக் கேள்விக்கு படத்துல பதில் இல்ல. பியர்ட் காச வாங்குன கையோட வேலைய விட்டுட்டு நிம்மதியா போயிட்டான், கென்னிக்கு எங்க போறதுன்னு தெரியல, கொஞ்ச நாள் அங்கயே சுத்திக்கிட்டு இருந்தான்.

அதே 1975 அக்டோபர்ல 'சட்டர்டே நைட் லைவ்'ங்கிற கொமெடி நிகழ்ச்சி டிவில தொடங்குது. கென்னி ஆளுங்க பத்திரிகையோட நிக்காம 1973லயே மேடை நாடகமும் வானொலி நிகழ்ச்சியும் செஞ்சாங்க, அதுல இருந்த ஜோன் பெலூஷி, செவி சேஸ் எல்லாரும் டிவிக்குப் போயிட்டாங்க, மைக்கல் ஒடனஹியூ அங்க தலைமை எழுத்தாளனா போயிட்டான். ஒரே ராத்திரில நாடு முழுக்க அவங்க முகம் தெரிஞ்சிருச்சு, தொடங்கி வச்சவன் முகம் யாருக்கும் தெரியல. நமக்கு இந்த விசயம் கொஞ்சம் வேற மாதிரி, இலங்கை வானொலில 'கோமாளிகள்' கேட்டவங்களுக்கு அத எழுதுன ராமதாஸ் யாருன்னு தெரியும், ஏன்னா எழுதுனவரே அதுல மரிக்கார்ங்கிற பாத்திரமா நடிச்சாரு, 1976ல அது படமாவும் வந்துச்சு. எழுதுனவருக்குக் குரலும் மூஞ்சியும் இருந்துச்சு. கென்னிக்கு அது இல்ல.

இல்லன்னு முழுசாவும் சொல்ல ஏலாது. 1978ல 'அனிமல் ஹவுஸ்', கென்னி, ஹரோல்ட் ராமிஸ், கிறிஸ் மில்லர் மூணு பேரும் எழுதி ஜோன் லேண்டிஸ் டைரக்ட் பண்ணுனது, சுமார் 30 லட்சம் டொலர்ல எடுத்து 14 கோடிக்கு மேல வசூல். அதுல கென்னியே ஸ்டோர்க்னு ஒரு கண்ணாடிக்காரனா வர்றான், வசனம்னு பெருசா ஒண்ணும் கிடையாது. கடைசில ஊர்வலம் போகுது, பேண்ட் வாத்தியக்காரங்க வரிசையா வர்றாங்க, இவன் முன்னால போறவன்கிட்ட இருந்து கோலப் புடுங்கி இவனே தலைமை தாங்கி கூட்டிக்கிட்டுப் போயி ஒரு முட்டுச்சந்துக்குள்ள விட்டுருவான், அவங்க வாசிச்சுக்கிட்டே சுவத்துல மோதி ஒருத்தர் மேல ஒருத்தர் ஏறி நிப்பாங்க. முகத்துல சிரிப்பே இல்லாம செய்வான். 2018 படத்தோட தலைப்பும் அதே 'அனிமல் ஹவுஸ்' வசனத்துல இருந்து எடுத்ததுதான், பிரயோசனமே இல்லாத ஒரு மடத்தனமான காரியத்த யாராச்சும் இப்ப செஞ்சே ஆகணும்னு ஒருத்தன் சொல்லுவான், அதுக்கப்புறம்தான் அந்த ஊர்வலக் கூத்து.

1980ல வந்த 'கெடிஷெக்' பத்தித்தான் நம்ம பக்கத்து ஆளா எனக்கு நெறைய சொல்லணும். கோல்ஃப் கிளப்புல பேக் தூக்குற பொடியன்க கதை. எழுதுன மூணு பேருல பிரையன் டொய்ல் மறே சின்ன வயசுல கெடியா, அதாவது பேக் தூக்குறவரா, வேல பாத்தவரு, கென்னிக்கு அப்பா கிளப்பு. நுவரெலியா கோல்ஃப் கிளப் 1889ல வந்தது, அங்க பேக் தூக்குற நம்மாளுங்கள பாத்திருக்கீங்களா, தொரை அடிச்ச பந்து எந்த மரத்தடில விழுந்துச்சுன்னு இவன் கண்ணுதான் பாக்கும், தொரை பந்த விட்டுட்டு புல்லக் கொத்தி எடுத்தாலும் இவன் மூஞ்சி மட்டும் அசையாது, பெட்டர் லக் சேர்னு சொல்லிட்டு அடுத்த மட்டைய உருவிக் குடுப்பான், அந்தி சாஞ்சு வீட்டுக்கு வந்தப்புறம் வாசல்ல கொடைய தலைகீழாப் புடிச்சுக்கிட்டு அந்தத் தொரை இடுப்ப வளைக்கிறதையும் தொப்பிய சரி பண்றதையும் அப்பிடியே செஞ்சு காட்டுவான், பாக்குற லயத்துச் சனம் வயித்தப் புடிச்சுக்கிட்டு சிரிக்கும். அந்தக் கொமெடிதான் கென்னி எழுத நெனைச்சது. ஆனா ஷூட்டிங் போனப்புறம் செவி சேஸ், பில் மறே, ரொட்னி டேஞ்சர்ஃபீல்ட்னு பெரிய நடிகருங்க மனசுக்கு வந்ததையெல்லாம் அடிச்சுவிட, கதை அவங்க பக்கம் சாஞ்சிருச்சு, அப்புறம் எடிட்டிங் நேரத்துல ஒண்ணோட ஒண்ணு ஒட்டலன்னு ஒரு பொம்மைப் பெருச்சாளி மாதிரி சாமானையும் உள்ள போட்டாங்க. பேக் தூக்குன பொடியன்க கதை ஓரமா போயிருச்சு. இன்னைக்கு அது பெரிய கல்ட் படம், ஆளுங்க வசனத்த மனப்பாடமா சொல்லுவாங்க, எனக்கும் புடிக்கும், ஆனா அந்தக் கெடிப் பொடியன யாருக்கு ஞாபகம் இருக்கு. கென்னிக்கு அந்தப் படம் அறவே புடிக்கல, பத்திரிகைக்காரங்க கூட்டத்துல குடிச்சுட்டு வந்து சத்தம் போட்டுட்டான்.

படம் ரிலீஸ் ஆனது 1980 ஜூலை 25. அதுக்குள்ள கொக்கேய்ன் ஆள நல்லா புடிச்சிருந்துச்சு. கொஞ்சம் ஓய்வா இருக்கட்டும்னு செவி சேஸோட ஹவாய்க்குப் போனான், சேஸ் வேலைன்னு முன்னாடியே திரும்பிட்டாரு, ஆகஸ்ட் 27 கவாய் தீவுல ஒரு மலை விளிம்புல இருந்து விழுந்து செத்துட்டான். பொலிஸ் விபத்துன்னு முடிவு பண்ணுச்சு. ஹோட்டல் ரூம்ல கெடைச்ச குறிப்புகள்ல, நான் கண்டுக்காம விட்டதுலயே ரொம்ப சந்தோசமான நாளுல இந்தக் கடைசி சில நாளும் சேத்தின்னு ஒரு வரி எழுதியிருந்துச்சு. கூட்டாளிங்களும் விடல, குதிக்க எடம் தேடிக்கிட்டு இருக்கிறப்பதான் வழுக்கி விழுந்திருப்பான்னு ஒரு ஜோக், ராமிஸ் சொன்னதா சொல்லுவாங்க. கேக்க கல்நெஞ்சு மாதிரி இருக்கும். நம்ம எழவு வீட்டுல ராத்திரி கண்ணு முழிக்கிறப்ப காட்ஸ் போட்டுக்கிட்டு செத்தவரப் பத்தியே பகிடி பேசுவாங்க, பக்கத்துல பொம்பளைங்க ஒப்பாரி வச்சுக்கிட்டு இருப்பாங்க, அத யாரும் தப்பா எடுக்கிறதில்ல. படமும் சாவ அப்பிடித்தான் கையாளுது, சாவு வீட்டுல கென்னி ஆவி வந்து பியர்ட்ட கெளப்பிவிட, எல்லாரும் சாப்பாட்ட அள்ளி எறிஞ்சு வெளையாடுறாங்க, 'அனிமல் ஹவுஸ்'ல வந்த மாதிரியே.

அந்த முடிவ நெறைய பேரு பாராட்டுனாங்க, எனக்கு அரைமனசுதான். நம்ம எழவு வீட்டுல பகிடியும் இருக்கும் ஒப்பாரியும் இருக்கும், ரெண்டுல ஒண்ணு இல்லன்னா அது எழவு வீடே இல்ல. இந்தப் படத்துல ஒப்பாரி வைக்க ஆளே இல்ல. கடைசி வரைக்கும் கூட இருந்த காதலி கேத்ரின் வோக்கர் பாத்திரத்துல எமி ரொஸம் நடிச்சிருக்காங்க, அவங்களுக்கு அழுகிறதுக்கும் கோவப்படுறதுக்கும் நாலு சீன்தான், அவங்களுக்கு என்ன தெரியும், எப்ப தெரியும்னு படம் கேக்கவே இல்ல. பத்திரிகைல எழுதுன ஆன் பீட்ஸ் மாதிரி பொம்பளைங்களும் அப்பிடித்தான், வந்தாங்க போனாங்க. கறுப்பின எழுத்தாளருங்க ஏன் இல்லங்கிறதையும் படமே ஒரு கிண்டலா கேட்டுட்டு நகந்துருது. மறுபடியும் அந்த லிஸ்ட் வேலதான், நாங்களே சொல்லிட்டோம்ல, நீங்க ஏன் கேக்குறீங்க. பெலூஷியும் 1982ல அதே 33 வயசுல போதைலதான் போனாரு, அந்தக் கூட்டத்துல இது ஒருத்தன் மட்டும் பட்ட பாடு இல்ல, அத வச்சு ஒரு கேள்வியாச்சும் கேட்டிருக்கலாம்.

பாக்குறதுன்னா 'அனிமல் ஹவுஸ்' மொதல்ல, அப்புறம் 'கெடிஷெக்', கடைசில இந்த 2018 படம், இல்லன்னா பாதி ஜோக் ஏன் ஜோக்னே விளங்காது. 'அனிமல் ஹவுஸ்' 45 வருசத்துக்கு மேல பழசு, பொம்பளப்புள்ளைங்கள வச்சு அடிக்கிற சில ஜோக் இன்னைக்குப் பாத்தா அருவருப்பா இருக்கும், மூணு படத்துலயும் போதையும் கெட்ட வார்த்தையும் தாராளம், வீட்டுல சின்னப் புள்ளைங்க இருந்தா அவங்க தூங்குனதுக்கப்புறம் போடுங்க.